அச்சமும் கவலையும் உடற்கொழுப்பும்

டயகமத் தோட்டத்திலே கொழுந்து பறித்து வாழ்க்கை நடத்தும் தாயார் ஒருவர், நீரிழிவுச் சிகிச்சைக்குச் சென்று மீண்ட ஒருநாள், எம்மை வழியிலே கண்டு வினா ஒன்றை விடுத்தார். "வாத்தியாரையா, விடிஞ்சா மலையேறுறேன். பொழுது சாயத்தான் கூடையோட எறங்குறேன். கையும் காலும் குச்சி மாதிரி கெடக்கு. வயித்துல கொழுப்பு கட்டியிருக்குன்னு டாக்டரு சொல்றாரு. ஒழைக்கிற ஒடம்புல கொழுப்பு எங்கேருந்துங்க வந்துச்சு?"

இவ்வினாவுக்கு அன்று யாம் கூறிய விடை எமக்கே நிறைவு தரவில்லை. மாப்பண்டத்தைக் குறையுங்கள், தேநீரில் சீனியைக் குறையுங்கள் என்று எல்லோரும் சொல்வதையே யாமும் சொல்லிவைத்தோம். அவர் தலையசைத்துச் சென்றார். பின்னர் உடற்றொழிலியல் நூல்களைப் புரட்டியபோது, அத்தாயார் கேட்டது நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர் பலர் ஆராய்ந்து வந்த பெருவினா என்பது புலனாயிற்று. யூபிலி மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று கல்லூரியார் பணித்தபொழுது, அன்று சொல்லத் தவறிய விடையையே எழுதத் துணிந்தோம். விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கு இது பாடமாகவும், ஏனையோர்க்குத் தம் உடலைப் பற்றிய செய்தியாகவும் அமையக்கூடும்.

தலவாக்கலையிலிருந்து லிந்துலையையும் அக்கரப்பத்தனையையும் கடந்து ஏறும் பாதையின் அந்தத்திலே உள்ளது டயகம. அதற்கப்பால் தேயிலை முடிந்து, ஹோட்டன் சமவெளியைச் சூழ்ந்த காடு தொடங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5,000 அடி உயரம். தை, மாசி மாதங்களிலே விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படிவதுமுண்டு. இங்குள்ள மலைகளிலே (தேயிலைப் பரப்பின் ஒவ்வொரு பிரிவையும் தோட்டத்தார் மலை என்றே வழங்குவர்) வெறுங்கையோடு ஏறுவதற்கே சமவெளியிற் பிறந்த எமக்கு மூச்சு முட்டும். அவற்றிலே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நாள்முழுதும் நிற்பவரின் உடலிலே கொழுப்பு எங்ஙனம் தங்கும் என்பது நியாயமான ஐயமே.

மனத்திலே தோன்றும் உணர்ச்சி உடம்பிலே புலப்படும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியர் பொருளதிகாரத்திலே மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்து, அச்சத்தையும் வெகுளியையும் எண்வகை மெய்ப்பாடுகளுள் வைத்தார். மயிர் சிலிர்த்தலும் உடல் நடுங்குதலும் வியர்த்தலும் கண்ணாற் காணத்தக்கவை. கண்ணுக்குப் புலனாகாத மெய்ப்பாடுகளும் உள. அவற்றுள் ஒன்று கொழுப்பிலே நிகழ்கிறது. அதுவே ஈண்டு எம் பொருள்.

முதலிலே கொழுப்பைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். தமிழிலே கொழுப்பு என்னும் சொல் செருக்கையும் குறிக்கும். வேலையின்றித் திரிபவனைப் பார்த்து, 'உனக்குக் கொழுப்பு' என்கிறோம். சோம்பியிருப்போன் உடம்பிலேதான் கொழுப்பு ஏறும் என்ற எண்ணம் இவ்வழக்கின் அடியிலே கிடக்கிறது. அத்தாயாரின் வினாவிலே வியப்போடு சிறிது நாணமும் கலந்திருந்தமைக்கு இதுவே காரணம் போலும். உண்மையிலே கொழுப்பு உடலின் சேமிப்பு. ஒரு கிராம் வெல்லம் ஏறக்குறைய 4 கிலோகலோரி சத்தியைத் தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 தரும். ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோசன் என்னும் வடிவிலே நாம் வைத்திருக்கும் மாச்சத்து அரைக் கிலோகிராம் அளவினதே. மெலிந்த உடம்பினரிடத்தும் கொழுப்பு பல கிலோகிராம் இருக்கும். கிளைக்கோசனை அடுப்படி அரிசிப்பானை என்றால், கொழுப்பைப் பத்தாயம் எனலாம்.

இப்பத்தாயம் கொழுப்பிழையம் எனப்படும். அதன் ஒவ்வொரு கலத்தின் உள்ளும் எண்ணெய்த்துளி ஒன்று நிறைந்திருக்கும். அத்துளியிலுள்ள கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றும், கிளிசரோல் என்னும் முதுகெலும்பிலே மூன்று கொழுப்பமிலங்கள் கோக்கப்பட்ட அமைப்புடையது. கோத்ததைக் கழற்றினால்தான் அது குருதியிற் கலந்து எரிபொருளாக முடியும். கழற்று என்று கட்டளை இடுவோர் யார், கோத்து வை என்று கட்டளை இடுவோர் யார் என்பதே இனி நாம் காணவேண்டுவது.

பனி மூடிய காலைநேரத்திலே கொழுந்து கிள்ளும் ஒரு பெண்ணின் முன்னே, தேயிலைச் செடியின் அடியிலிருந்து சிறுத்தை ஒன்று எழுகிறது என்று கொள்வோம். காட்டோரத் தோட்டத்தார்க்கு இது வெறுங் கற்பனையன்று. கண் கண்டதை மூளை உணர்ந்த அக்கணத்திலேயே பரிவு நரம்புத்தொகுதி விழித்துக்கொள்கிறது. சிறுநீரகங்கள் இரண்டின்மேலும் தொப்பி கவிழ்த்தாற்போல் அமைந்த அதிரீனற் சுரப்பிகளுக்குச் செய்தி பாய்கிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 கிராம் நிறையே உடையது. அதன் நடுப்பகுதியிலிருந்து அதிரனலின் குருதியிலே கொட்டுகிறது. இதயம் விரைகிறது, ஈரல் தன் வெல்லத்தைத் திறந்து விடுகிறது.

அதே வேளையில், அதிரனலின் கொழுப்புக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கியொன்றிலே சென்று பொருந்துகிறது. சாவி பூட்டிலே பொருந்துவது போன்ற இப்பொருத்தத்தால், கலத்தினுள்ளே சக்கர ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு பெருகுகிறது. (இவ்வுள் தூதனைக் கண்டறிந்த ஏள் சதர்லாந்து என்பார் 1971ஆம் ஆண்டிலே நோபல் பரிசு பெற்றார்.) எண்ணெய்த்துளியைப் போர்த்திக் காவல் புரியும் பெரிலிப்பின் என்னும் புரதம் அத்தூதனாற் கிளரப்பட்டு விலகுகிறது. காவல் நீங்கியதும் கொழுப்பை அறுக்கும் நொதியங்கள் துளியை அணுகி, கொழுப்பமிலங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி விடுகின்றன. அவை குருதியிலுள்ள அல்புமின் என்னும் புரதத்தின் தோளிலேறித் தசைகளைச் சென்றடைகின்றன. அப்பெண் கூடையை எறிந்துவிட்டு ஓடுவாளாயின், அவளுடைய கால்தசையின் இழைமணிகளிலே அவை எரிந்துபோகும். கிளிசரோல் ஈரலை அடைந்து வெல்லமாகும். இயற்கையின் ஏற்பாடு இங்கே குறையற்றது: ஆபத்து வந்தது, பத்தாயம் திறந்தது, ஓட்டம் நிகழ்ந்தது, செலவும் ஆயிற்று.

இந்த அவசர ஏற்பாட்டை உலகுக்கு விளக்கியவர் ஹாவாட் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியற் பேராசிரியர் வோல்ரர் கனன். 1911ஆம் ஆண்டளவிலே அவரும் அவர் துணைவரும், குரைக்கும் நாயின் முன்னே வைக்கப்பட்ட பூனையின் குருதியிலே அதிரீனற் சுரப்பு ஏறுவதைக் காட்டினர். போரிடு அல்லது ஓடு என்பதற்கான ஆயத்தம் இது என்று அவர் கூறினார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1901இல், யப்பானியரான தக்கமினே அதிரனலினைத் தூய பளிங்காகப் பிரித்தெடுத்திருந்தார். பூனைகள் பட்ட பாட்டுக்கு இரங்காமல் இருக்க முடியவில்லை. ஆயினும் அறிவு அவ்வழியாகத்தான் வந்தது.

டயகமவின் குளிரையும் இங்கே ஒரு வரியிற் சொல்லிச் செல்வோம். குளிர் பட்டதும் நரம்பு முனைகளிலிருந்து நோரதிரனலின் சுரக்கும். இது கபிலநிறக் கொழுப்பு என்னும் வேறொரு கொழுப்பைத் தூண்டி வெப்பமாக எரியச்செய்யும். பச்சிளங் குழந்தைகளிடம் இது மிகுதி. வளர்ந்தோரிடத்தும் இயங்குநிலையிலுள்ள கபிலக் கொழுப்பு உண்டு என்பது 2009ஆம் ஆண்டிலே ஐயமற நிறுவப்பட்டது. எனினும் அதன் அளவு சிறிது. குளிரிலே வாழ்வதனால் மட்டும் வயிற்றுக்கொழுப்பு கரைந்துவிடும் என்று எவரும் மகிழவேண்டாம்.

இதுகாறும் கூறியது அச்சம். இனிக் கவலை.

சிறுத்தை வந்து போய்விடும். கடன் அவ்வாறு போவதில்லை. பௌதிகம் படித்த பழைய மாணவர்க்குத் தகைப்பு என்னும் சொல் நினைவிருக்கும். கம்பியிலே எடையைத் தொங்கவிட்டு யங்கின் மட்டை அளந்தோமல்லவா? அச்சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல்லையே உயிர்களின் நிலைக்கும் வழங்கி உலகறியச் செய்தவர் ஹான்ஸ் செல்யே. கனடாவின் மொன்றியல் நகரிலே மக்கில் பல்கலைக்கழகத்தில் எலிகளை ஆராய்ந்த அவர், 1936ஆம் ஆண்டு 'நேச்சர்' என்னும் ஆங்கில விஞ்ஞான இதழிலே சிறு குறிப்பொன்றை வெளியிட்டார். குளிராலே வருத்தினும், காயத்தாலே வருத்தினும், நஞ்சாலே வருத்தினும் எலியின் உடம்பிலே ஒரேவகை மாற்றங்கள் காணப்பட்டன: அதிரீனற் சுரப்பி பருத்தது, தைமசுச் சுரப்பி சுருங்கியது, இரைப்பையிலே புண் தோன்றியது. வருத்தும் பொருள் வேறாயினும் வருந்தும் உடம்பு ஒரே மொழியிலேதான் விடை கூறுகிறது என்பது அவர் கண்ட உண்மை. இந்நிலையை நாம் தமிழிலே நெருக்கீடு என்போம்.

பருத்தது சுரப்பியின் மேற்பட்டை. அங்கே சுரப்பது கோட்டிசோல் என்னும் ஓமோன். மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் கபச்சுரப்பியை ஏவ, கபச்சுரப்பி அதிரீனற் பட்டையை ஏவ, இவ்வாறு மூன்று படி கடந்து கோட்டிசோல் வருகிறது. ஆதலின் அதிரனலின் நொடிப்பொழுதில் வருமாயின், கோட்டிசோல் உச்சமடைய இருபது முப்பது நிமிடமாகும். செயல் தொடங்கவும் தாமதம், ஓயவும் தாமதம். அது கலத்தின் உட்புகுந்து பரம்பரையலகுகளையே ஏவி, எந்த நொதியம் ஆக்கப்படவேண்டும், எது நிறுத்தப்படவேண்டும் என்று மாற்றிவிடும் இயல்பினது. இயல்பாகவே விடியலில் அது மிகுந்தும் நள்ளிரவிலே குறைந்தும் நிற்கும். பிரட்டுக்களத்திலே பெயர் பதியும் நேரத்திற்கு உடம்பை எழுப்பி நிறுத்துவதிலே அதற்கும் பங்குண்டு. கோட்டிசோல் இன்றி மனிதன் வாழவியலாது. பட்டை அழிந்தோர் படும் துன்பத்தைத் தோமஸ் அடிசன் என்னும் ஆங்கில மருத்துவர் 1855ஆம் ஆண்டிலேயே விரித்தெழுதியிருக்கிறார். எனவே அதனைப் பகையென்று கொள்ளுதல் தவறு.

மாணவர் இடர்ப்படுவது இனிவரும் பகுதியிலேயே. கோட்டிசோல் கொழுப்பைக் கரைக்குமா, சேர்க்குமா என்று கேட்டால், இரண்டும் செய்யும் என்பதே விடை. வயிறு வெறுமையாயிருந்து இன்சுலின் குறைந்திருக்கும் வேளையில், அது அதிரனலினுக்குத் துணைநின்று கொழுப்பமிலங்களை வெளியேற்றும். தசைப்புரதத்தை உடைத்து ஈரலுக்கு அனுப்பி வெல்லமாக்கும். இதனாற் குருதியிலே வெல்லம் ஏறுகிறது. வெல்லம் ஏறவே சதையி இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலினோ சேமிப்பின் ஓமோன். கழற்றுவதை நிறுத்திக் கோத்து வைக்கும்படி கட்டளையிடுவது. கோட்டிசோலும் இன்சுலினும் ஒருங்கே உயர்ந்து நீண்டநாள் நிற்குமாயின், வயிற்றுப்புறக் கொழுப்பிலே இலிப்போப்புரத இலிப்பேசு என்னும் நொதியம் மிகுந்து, குருதியில் ஓடும் கொழுப்பை உள்ளிழுத்துக் கொள்கிறது. இளங்கலங்கள் புதிய கொழுப்புக் கலங்களாக முதிரவும் கோட்டிசோல் தூண்டுகிறது. பசியையும் அது கிளப்பும். அதிலும் இனிப்பையும் நெய்ப்பண்டத்தையும் நாடச்செய்யும்.

ஏன் வயிற்றிலே? கோட்டிசோலை ஏற்கும் வாங்கிகள் குடலைச் சூழ்ந்த உட்கொழுப்பிலே தோலடிக் கொழுப்பினும் அதிகம். அன்றியும், செயலிழந்த கோட்டிசோனை மீண்டும் செயலுடைய கோட்டிசோலாக மாற்றும் நொதியமும் அக்கொழுப்பிலே உண்டென 1997ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஆய்வாளர் காட்டினர். ஆகவே குருதியிலே கோட்டிசோல் மிகையாகத் தோன்றாவிடினும், வயிற்றினுள்ளே அதன் வலிமை மிகலாம். இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பு அமைதியானது. வயிற்றுக்கொழுப்பு தொல்லை தருவது. மார்செயில் நகரத்து மருத்துவர் ழான் வாக் 1947ஆம் ஆண்டிலே இவ்விருவகையையும் பிரித்துக் காட்டி, நீரிழிவு பெரிதும் இரண்டாம் வகையாரையே நாடுகிறது என்றார். குடற்கொழுப்பிலிருந்து கழலும் கொழுப்பமிலங்கள் வாயில்நாளத்தின் வழியே நேராக ஈரலுக்குட் புகுகின்றன என்பதும் மறக்கத்தக்கதன்று. ஈரலிலே கொழுப்புப் படியும். படிந்த ஈரல் இன்சுலினின் சொல்லைக் கேளாது. கேளாமையால் வெல்லம் ஏறும்.

கோட்டிசோலின் இவ்வேலையை மிகைப்பட எழுதிக் காட்டும் நோய் ஒன்றுண்டு. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹாவி குஷிங் 1912இலும், மேலும் விரிவாக 1932இலும் விவரித்தமையால் அவர் பெயரே அதற்கு வழங்குகிறது. கபச்சுரப்பியிலே கட்டி தோன்றிக் கோட்டிசோல் கட்டின்றிப் பெருகும். முகம் நிலவுபோல் வட்டமாகும், வயிறு பெருக்கும், கைகால்களோ தசை கரைந்து மெலியும். இந்நோய் அரிது, அத்தாயாருக்கு இருந்தது இதுவன்று. ஆயினும் பருத்த வயிற்றையும் மெலிந்த கைகால்களையும் ஒரே உடம்பிலே ஓர் ஓமோன் உண்டாக்கவியலும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 'குச்சி மாதிரி' என்று அவர் சொன்ன சொல் அன்று எம் காதிலே படாமற் போயிற்று.

இப்பொழுது அவருடைய நாளை எண்ணிப் பார்ப்போம். கிள்ளிய கொழுந்து நிறுவைக்கு வருகிறது. தோட்டம் குறித்த நிறை வராவிடில் அன்றைக்கு அரைப் பேர்தான். மழை பெய்தால் ஈரத்துக்கென்று நிறையிலே கழிவு. 2021ஆம் ஆண்டு மார்ச்சிலே நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி அறிவித்தபின்னும், முழுப்பேர் கிடைக்குமா என்னும் ஐயம் கூடையோடு கூடவே மலையேறுகிறது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே கோதுமை மாவின் விலை ஏறியபோது, இரவுக்கு ரொட்டி எத்தனை என்பதும் கணக்காயிற்று. கடைக்கடன், பிள்ளைகளின் படிப்பு, கொழும்புக்கு வேலைக்குச் சென்ற மகளின் செய்தி, பெருமழைக் காலத்திலே லயத்தின் பின்புற மண்மேடு சரியுமோ என்னும் நடுக்கம்: இவற்றுள் ஒன்றேனும் ஓடித் தப்பக்கூடியதன்று. பழந்தமிழிலே கவலை என்பதற்குக் கிளைவழி என்றும் பொருளுண்டு. எவ்வழி செல்வதென்று தெரியாது நிற்கும் நிலை அது. கொழுப்பமிலங்களும் அங்ஙனமே குருதியிலே வந்து நிற்கின்றன.

இங்கே ஒருவர் தடுத்துக் கேட்கலாம்: அவர்தாம் நாள்முழுதும் உழைக்கிறாரே, கழன்ற கொழுப்பு எரிந்துவிடாதா? பகலிலே எரியத்தான் செய்யும். மலையேற்றம் அவரைப் பெரிதும் காத்தே நிற்கிறது. ஆனால் கவலைக்கு வேலைநேரம் இல்லை. விளக்கணைத்தபின் படுக்கையிலே வரும் கவலைக்குத் தசை இயங்குவதில்லை. கோட்டிசோல் தாழவேண்டிய இரவிலே தாழாது நிற்கிறது. உறக்கம் குறைந்தோர்க்கு மறுநாள் இன்சுலினின் செயல் மந்தமாகும் என்பதும் சோதனைகளிலே கண்டது. காலையிலே வெறுவயிற்றோடு இனித்த தேநீர் மட்டும் குடித்து மலையேறி, மாலை மீண்டதும் நாளின் பேருணவை மாவாகவே உண்பது இங்கு வழக்கம். உணவு மிகுதியும் வந்து சேர்வது உடம்பு ஓய்ந்து மனம் ஓயாத அவ்வேளையிலேதான்.

அவ்வேளையில் என்ன நிகழும் என்பதை அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று அளந்து காட்டியது. பெண்கள் 58 பேருக்கு 930 கிலோகலோரியும் 60 கிராம் கொழுப்பும் கொண்ட உணவை அளித்து, அடுத்துவந்த ஏறக்குறைய ஏழு மணிநேரம் அவர்கள் எரித்த சத்தியை அளந்தனர். முதல்நாள் மனநெருக்கீடு எதுவும் இல்லாதாரைவிட, சச்சரவோ தொல்லையோ அடைந்தோர் ஏறக்குறைய 104 கிலோகலோரி குறைவாகவே எரித்தனர். அவர்களிடம் இன்சுலினும் மிகுந்திருந்தது. கொழுப்பு எரிதலும் குறைந்திருந்தது. உண்டது ஒன்றே, நேற்றைய நாள்தான் வேறு. 2000ஆம் ஆண்டிலே யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மற்றோர் ஆய்வு, வயிற்றிலே கொழுப்புச் சேர்ந்த பெண்கள், ஒல்லியானோராயினும், நெருக்கீட்டுச் சோதனையிலே மற்றையோரினும் மிகுதியாகக் கோட்டிசோலைச் சுரந்தனர் என்று கண்டது.

எம் மலைநாட்டுக்கே உரிய சான்றும் ஒன்றுண்டு. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் நுவரெலியா மாவட்டத் தோட்டப்புறத்திலே 35 முதல் 64 வயதுவரை உள்ளோரை ஒலியலைக் கருவியாற் சோதித்து 2011ஆம் ஆண்டிலே முடிபுகளை வெளியிட்டனர். உடலுழைப்பு மிக்க, வருவாய் குறைந்த மக்கள் அவர்கள். மதுவால் வராத கொழுப்பு ஈரல் நோய் அவர்களுள் நூற்றுக்கு 18 பேரிடம் காணப்பட்டது. நகர்ப்புறமான றாகமையிலே அதே வயதினரிடம், 2009இல் வெளியான கணக்கின்படி, நூற்றுக்கு ஏறக்குறைய 33 பேர். நகரத்தாரிலும் இது குறைவே. உழைப்பு காக்கிறது என்று யாம் மேலே கூறியதற்கு இதுவும் கரி. ஆயினும் நாள்முழுதும் மலையேறும் மக்களிடையே ஐவர்க்கு ஒருவர் என்னும் அளவை நெருங்குவது சிறிய எண்ணன்று. இடைச்சுற்றளவும் குருதி வெல்லமும் கூடியோரிடத்தே இந்நோய் மிகுந்திருந்தது.

கவலைதான் அதற்குக் காரணம் என்று அவ்வாய்வு கூறவில்லை, யாமும் கூறோம். காரணங்கள் பல பின்னிக் கிடக்கின்றன. அவற்றுள் பழையது கருவறையிலே தொடங்குகிறது. தாய் போதிய உணவின்றியிருக்க, எடை குறைந்து பிறக்கும் குழந்தையின் உடம்பு வறுமைக்கென்றே தன்னை வகுத்துக்கொள்கிறது என்றும், பின்னர் உணவு சிறிது மிகினும் நீரிழிவு தோன்ற அதுவே ஏதுவாகிறது என்றும் ஹேல்ஸ், பார்க்கர் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1992இல் கருத்துரைத்தனர். புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக், இந்தியக் குழந்தைகள் எடையிலே குறைந்தும் கொழுப்பிலே குறையாதும் பிறப்பதை எடுத்துக் காட்டினார். இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ ஏறக்குறைய 32 பேர். இவ்வாறு வளர்ந்த உடம்பின்மேல் வாழ்நாள் முழுதும் நெருக்கீடு ஏறும்போது, கோட்டிசோல் புதிதாக ஒன்றைத் தொடங்குவதில்லை. முன்னரே சாய்ந்த பக்கத்திற்கு இன்னும் தள்ளுகிறது. இதுவே எம் கருத்து.

துயரத்தால் மெலிந்தவர்களை நாம் காணவில்லையா என்னும் தடையும் எழக்கூடும். காண்கிறோம். பேரிழப்பு நேர்ந்த நாள்களிலே பரிவகக்கீழிலிருந்து வரும் முதல் ஏவல் பசியை அடக்கும், உண்ணாதோர் மெலிவர். நாட்பட்ட கவலையிலே பசி திரும்பிவிடும். அப்பொழுதும் தராசிலே எடை ஏறாதிருக்கலாம். ஏனெனில் வயிற்றிலே கொழுப்பு ஏற, கைகால்களிலே தசை இறங்கி இரண்டும் ஈடாகிவிடும். எடைபார்த்து 'நீ ஒல்லிதான்' என்று அனுப்பப்பட்டோர் பலர் ஏமாந்தது இதனாலேயே.

ஆதலின் தராசினும் அளவுநாடா நம்பத்தக்கது. தென்னாசிய மக்களுக்கு இடைச்சுற்றளவு ஆண்களில் 90 சென்ரிமீற்றரையும் பெண்களில் 80 சென்ரிமீற்றரையும் எட்டினால் விழிப்பாயிருத்தல் வேண்டுமென்று அனைத்துலக நீரிழிவுச் சம்மேளனம் வகுத்திருக்கிறது. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவிலே, மூச்சை இயல்பாக வெளிவிட்டபின் அளத்தல் முறை. தையற்காரரின் நாடா போதும். அளவு மிகுந்தோர் குருதி வெல்லத்தைச் சோதிக்கவேண்டும். மாலையுணவின் ஒரு பங்கைக் காலைக்கு மாற்றுதல், ரொட்டியோடு பருப்பையும் கீரையையும் சேர்த்தல், சினமோ கலக்கமோ உற்ற வேளையிலே படுத்துவிடாது சிறிது நடத்தல் என்பன ஓமோன்கள் கழற்றிவிட்டதைச் செலவாக்கும் வழிகள். கவலையை விடு என்று உபதேசம் செய்வதில் எமக்கு நம்பிக்கை இல்லை. அரைப்பேரும் மண்சரிவும் உபதேசத்தால் நீங்குவன அல்ல. அவற்றை நீக்கவேண்டியோர் வேறு.

மருந்தைப்பற்றி ஓர் எச்சரிக்கை. கோட்டிசோலை ஒத்த செயற்கை மருந்துகள் ஈளைக்கும் மூட்டுவாதத்துக்கும் மிக நல்ல பயன் தருவன. இத்துறையிலே உழைத்த கெண்டல், றைக்ஸ்ரைன், ஹெஞ்ச் ஆகிய மூவர் 1950ஆம் ஆண்டிலே நோபல் பரிசு பெற்றனர். ஆயின் மருத்துவர் சொல்லின்றி நீண்டகாலம் உண்டால் அவையும் வயிற்றைப் பெருக்கி வெல்லத்தை ஏற்றும். நெடுநாள் உண்டோர் திடீரென நிறுத்துவதும் கேடு. ஓய்ந்திருக்கும் சொந்தச் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. உடம்பு நோவுக்கென்று கடையிலே பெயரறியாத குளிகை வாங்குவோர் இதனைக் கருத்திற்கொள்க.

சில கிழமைகளின்பின் அத்தாயாரை மீண்டும் கண்டு, இக்கட்டுரையிலே விரித்தவற்றைச் சுருக்கி அவர் வழக்கிலேயே சொன்னோம். சோம்பலால் வந்த கொழுப்பன்று அது என்ற இடத்திலே, "அப்படிங்களா" என்று ஒருமுறை கேட்டு நிறுத்திக்கொண்டார். பின் நாடா ஒன்று தருமாறு வேண்டினார். பக்கத்துக் காம்பராவிலுள்ள பெண்ணுக்கும் கை மெலிந்து வயிறு பெருத்திருக்கிறதாம். வைத்தியசாலைக்குப் போகச் சொன்னால், உழைக்கிறவளுக்கு அந்த வருத்தம் வராது என்று மறுக்கிறாளாம்.